மட்சுஷிமா விரிகுடா: ரயில், படகு, தீவு, குன்று – எதை எப்போது பார்ப்பது? முழுமையான வழிகாட்டி

ஜப்பானின் மியாகி மாகாணத்தில், செண்டாய் நகரத்துக்கு வடகிழக்கே இருக்கிறது மட்சுஷிமா விரிகுடா. பைன் மரங்கள் முளைத்த 260 சொச்சம் தீவுகள். செண்டாயிலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரம்கூட ஆகாது என்பதால் பலரும் திட்டமே இல்லாமல் கிளம்பிவிடுகிறார்கள். மாலையில் "இவ்வளவுதானா?" என்று முகம் வாடித் திரும்புகிறார்கள்.

காரணம் எளிது. கரையில் நின்றால் தீவுகள் ஒன்றுக்குப் பின்னால் ஒன்று மறைந்துகொள்ளும். முன்வரிசையில் இருக்கும் சிலதான் கண்ணில் படும். தண்ணீரிலிருந்து ஒருமுறை, கால்நடையாக ஒருமுறை, உயரத்திலிருந்து ஒருமுறை பார்த்தால்தான் இடம் பிடிபடும். படகும் கோயிலும் சீக்கிரம் மூடிவிடும், குன்று எப்போதும் திறந்திருக்கும். அதனால் படகு முதலில், கோயில் நடுவில், குன்று கடைசியில். கீழே உள்ள படிகள் எல்லாம் இந்தக் கணக்கில் அமைந்தவை.

1. பருவத்தையும் நாள் கணக்கையும் முதலில் முடிவு செய்யுங்கள்

ஒரு நாள் போதும் என்பவர்களுக்குப் பக்கத்துத் துறைமுக ஊரான ஷியோகமா, படகு, மட்சுஷிமா கரை, ஒரு குன்று. இரண்டு நாள் இருந்தால் மக்கள் வாழும் உராடோ தீவுகளையோ ஓதகாமோரி குன்றையோ சேர்க்கலாம். ஒரே நாளில் எல்லாவற்றையும் அடைத்தால் ரயில் நிலையப் படிக்கட்டுகள்தான் நினைவில் நிற்கும்.

ஏப்ரல் நடுவில் செர்ரி பூக்கும். அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் வரை இலைகள் சிவக்கும். அக்டோபர் முதல் மார்ச் வரை சிப்பிக் காலம். குளிர்காலத்தில் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: டிசம்பரில் மாலை நாலரைக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். கோயில்களும் நேரத்தைச் சுருக்கிக்கொள்ளும். கோடையில் போடும் திட்டத்தை அப்படியே குளிர்காலத்துக்குக் கொண்டுபோனால் பாதியில் அறுந்துவிடும்.

2. கிளம்பும் முன் கையில் இருக்க வேண்டியவை

சில்லறைப் பணம். ரயிலுக்கு சுய்கா என்ற, பணம் ஏற்றிப் பயன்படுத்தும் பயண அட்டை போதும். ஆனால் சிறு நுழைவுச்சீட்டுக் கவுன்ட்டர்களிலும் தீவுகளிலும் அட்டையை நம்பிப் போகாதீர்கள்.

எளிதில் கழற்றி மாட்டக்கூடிய காலணி, ஓட்டையில்லாத காலுறை. கோயிலின் முதன்மை மண்டபத்துக்குள் காலணியைக் கழற்றிவிட்டு மரத்தரையில் நடக்க வேண்டும். பிப்ரவரியில் அந்தத் தரை எலும்பு வரை சில்லிடும். தடித்த காலுறை இல்லாதவர்கள் ஓவியங்களைப் பார்க்காமல் ஓடிவிடுவார்கள்.

காற்று புகாத மேல்சட்டை. கோடையிலும்கூட ஓடும் படகின் மேல்தளத்தில் தேவைப்படும்.

பெரிய பெட்டிகளை செண்டாயில் ஹோட்டலிலோ ரயில் நிலைய லாக்கரிலோ விட்டுவிடுங்கள். இந்த வழிகாட்டியின்படி போனால் ஒரு ஊரில் இறங்கி இன்னொரு ஊரிலிருந்து திரும்புவீர்கள். ஷியோகமாவில் பெட்டியை வைத்துவிட்டுப் படகேறினால், அதை எடுக்கவே மறுபடி அங்கே இறங்க வேண்டிவரும்.

3. செண்டாயில் சரியான ரயிலைப் பிடியுங்கள்

அதிகம் பேர் தடுமாறும் இடம் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

டோக்கியோவிலிருந்து செண்டாய்க்கு ஹயபுசா அதிவேக ரயில் ஒன்றரை மணி நேரம். அதில் எல்லா இருக்கைகளும் முன்பதிவுதான். செண்டாயில் இறங்கியதும் சென்செகி பாதைக்கு மாற வேண்டும். அந்த நடைமேடைகள் தரைக்கடியில் இருக்கின்றன. அதிவேக ரயில் நிற்பதோ மேலே உயரத்தில். எஸ்கலேட்டர் மாறி எஸ்கலேட்டராக இறங்கி நடக்கவே பத்து நிமிடம் ஆகும். ஐந்து நிமிட இடைவெளியில் அடுத்த ரயிலைப் பிடித்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம்.

அடுத்தது பெயர்க் குழப்பம். "மட்சுஷிமா" என்றே ஒரு நிலையம் இருக்கிறது, ஆனால் அது தோஹொகு முதன்மைப் பாதையில், கடற்கரையிலிருந்து இருபது நிமிட நடைக்கும் மேலான தூரத்தில். படகுத்துறைக்கும் கோயில்களுக்கும் பக்கத்தில் இருப்பது சென்செகி பாதையின் "மட்சுஷிமா-கைகன்". வரைபடச் செயலியில் வெறும் மட்சுஷிமா என்று தேடினால் முதல் நிலையத்துக்கே அது அனுப்பிவைக்கும் வாய்ப்பு அதிகம்.

மூன்றாவது கண்ணி இன்னும் நுணுக்கமானது. 2015 முதல் ஓடும் சென்செகி-தோஹொகு பாதை ரயில்கள் செண்டாயிலிருந்து இஷினோமாகிக்கு வேகமாகப் போகும். பெயர் கிட்டத்தட்ட ஒன்றுதான், திசையும் ஒன்றுதான். ஆனால் அவை மட்சுஷிமா-கைகனில் நிற்பதில்லை. இரண்டு பாதைகளையும் இணைக்கும் தண்டவாளம் அந்த நிலையத்தைத் தாண்டித்தான் சேருகிறது; ஓட்டுநர் நினைத்தாலும் அங்கே நிறுத்த முடியாது. அவசரத்தில் ஏறியவர்கள் அடுத்த நிலையமான தகாகிமாச்சி வரை போய்த் திரும்பி வருகிறார்கள். தரைக்கடி நடைமேடையிலிருந்து கிளம்பும் ரயிலில் மட்டும் ஏறுங்கள். அது ஒன்றே போதுமான அடையாளம்.

சரி, ஏறியாகிவிட்டது. மட்சுஷிமா-கைகன் வரை போகாதீர்கள். அதற்கு முன்பே, அரை மணி நேரத்தில் வரும் ஹொன்-ஷியோகமாவில் இறங்குங்கள். காலை 9 மணிக்குள் அங்கே இருந்தால் நாள் முழுவதும் அவசரம் இருக்காது.

4. ஷியோகமாவில் காலைப் பொழுது

பெரும்பாலான பயணிகள் இந்த ஊரைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அதனாலேயே இங்கே நிம்மதி.

நிலையத்திலிருந்து கால் மணி நேர நடையில் ஷியோகமா ஆலயம். கடல் தொழிலுக்கும் உப்புக்கும் உரிய தெய்வங்கள் வீற்றிருக்கும் பழைய ஷிண்டோ கோயில். முன்வாசல் பாதையில் 202 கல்படிகள், செங்குத்தாக. முழங்கால் சரியில்லாதவர்கள், வயதானவர்கள் கிழக்குப் பக்கச் சரிவுப் பாதையில் ஏறலாம். முடிந்தவர்கள் படியில் ஏறி, சரிவில் இறங்குங்கள். இறங்கும்போதுதான் அந்தப் படிகள் பயமுறுத்தும், ஏறும்போது இல்லை. மேலிருந்து துறைமுகம் தெரியும்.

மீன் பிரியர்களுக்கு இன்னொரு வழி: ஷியோகமா மொத்த மீன் சந்தை. கடைகடையாகப் போய் விருப்பமான பச்சை மீன் துண்டுகளை வாங்கி, உள்ளேயே விற்கும் சோற்றுக் கிண்ணத்தின் மேல் நீங்களே அடுக்கிச் சாப்பிடலாம். சூரை மீனுக்குப் பேர்போன துறைமுகம் இது. சந்தைக்குப் பக்கத்து நிலையம் ஹிகாஷி-ஷியோகமா, ஹொன்-ஷியோகமா அல்ல. புதன்கிழமை விடுமுறை, மற்ற நாட்களில் மதியத்தோடு சுருட்டிவிடுவார்கள். கோயில், சந்தை இரண்டையும் ஒரே காலையில் செய்தால் படகுக்கு ஓட வேண்டியிருக்கும். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நான் கோயிலைத்தான் சொல்வேன், மீன் மட்சுஷிமாவிலும் கிடைக்கும்.

5. படகு: ஒருவழிச் சீட்டு மட்டும்

ஹொன்-ஷியோகமா நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில் மரீன் கேட் ஷியோகமா படகு நிலையம். ஒரே கட்டடத்திலிருந்து இரண்டு வகைப் படகுகள் கிளம்பும். ஒன்று மட்சுஷிமாவுக்குப் போகும் சுற்றுலாப் படகு. இன்னொன்று உராடோ தீவு மக்களுக்காக நகராட்சி விடும் படகு. எந்த வரிசையில் நிற்கிறோம் என்று பார்த்து நில்லுங்கள்.

மட்சுஷிமாவுக்கு ஏறத்தாழ 50 நிமிடப் பயணம். ஒருவழிச் சீட்டு எடுங்கள். பலர் நேராக மட்சுஷிமாவுக்குப் போய், அங்கேயே கிளம்பி அங்கேயே திரும்பும் வட்டப் படகில் ஏறுகிறார்கள். அதிலும் தீவுகள் தெரியும், குறை சொல்ல முடியாது. ஆனால் இந்த வழியில் போனால் படகே உங்களை அடுத்த ஊரில் சேர்த்துவிடுகிறது, ஒரு ரயில் பயணம் மிச்சம். தவிர, கிரேன்களும் மீன்பிடிப் படகுகளும் நிற்கும் துறைமுகத்தில் தொடங்கி, தீவுகள் மெல்ல மெல்ல நெருங்கி, கடைசியில் கோயிலடியில் போய் இறங்குவது நன்றாகவே இருக்கும். கவிஞர் பாஷோ 1689இல் மட்சுஷிமாவுக்கு வந்ததும் ஷியோகமாவிலிருந்து படகில்தான்.

முடிந்தவரை வெளித்தளத்தில் நில்லுங்கள். தீவுகள் வெண்மையான, மென்மையான எரிமலைச் சாம்பல் பாறை. அலை அடிப்பகுதியை அரித்துக்கொண்டே இருப்பதால் தலை பெருத்து இடை சிறுத்த உருவங்கள். நியோஜிமா என்ற தீவு உட்கார்ந்திருக்கும் காவல் தெய்வத்தைப் போல இருக்கும். கனேஜிமாவில் நான்கு துளைகள்; அலை புகும்போது மணியோசை கேட்கும் என்பார்கள். செண்டாயை ஆண்ட தாதே மசமுனேவுக்கு ஒரு குட்டித் தீவின் மேல் ஆசை வந்து, அதைப் பெயர்த்துக் கொண்டுவருபவருக்கு ஆயிரம் கன் (அந்நாளைய நாணய அளவு) பணம் தருவதாகச் சொன்னாராம். அந்தத் தீவுக்கு இன்றும் செங்கன்ஜிமா என்றே பெயர்.

கடற்பறவைகளுக்குத் தீனி போடாதீர்கள். முன்பு அது இந்தப் படகுகளின் பெரிய வேடிக்கை. எச்சம் விழுந்து பைன் மரங்கள் பட்டுப்போகத் தொடங்கியதும் நிறுத்திவிட்டார்கள். பழைய வீடியோக்களைப் பார்த்துவிட்டு இன்னும் சிலர் பொட்டலத்தோடு வருகிறார்கள்.

காற்று பலமாக இருந்தால் படகு ரத்தாகிவிடும். குளிர்காலத்தில் எண்ணிக்கையும் குறையும். முந்தின இரவே நேர அட்டவணையைப் பாருங்கள். ஷியோகமாவிலிருந்து படகு இல்லை என்றால் கவலை இல்லை, ரயிலேறினால் பத்து நிமிடத்தில் மட்சுஷிமா-கைகன். வட்டப் படகு ஓடுகிறதா என்று அங்கே போய்க் கேட்டுக்கொள்ளலாம்.

6. கரையில் நடக்கும் வரிசை

படகு இறங்கும் இடத்திலேயே கோடாய்டோ மண்டபம். நுழைவுக் கட்டணம் கிடையாது. சின்னத் தீவு, போய்ச் சேரும் பாலத்தின் பலகைகளுக்கு நடுவே இடைவெளி விட்டிருப்பார்கள், கீழே கடல் தெரியும். குதிகால் உயர்ந்த செருப்பு மாட்டிக்கொள்ளும், போனை இறுக்கிப் பிடியுங்கள். இப்போதுள்ள மண்டபம் மசமுனே 1604இல் கட்டியது. உள்ளே இருக்கும் ஐந்து சிலைகளை 33 ஆண்டுக்கு ஒருமுறைதான் திறந்து காட்டுவார்கள், கடைசியாக 2006இல். எனவே கதவுக்கு முன்னால் காத்திருக்க வேண்டாம். அண்ணாந்து பாருங்கள்: கூரையடியில் பன்னிரண்டு ராசி விலங்குகளின் மரச்செதுக்கு சுற்றிலும் இருக்கிறது. பெரும்பாலோர் கவனிக்காமலே போய்விடுகிறார்கள்.

அடுத்து நேராக ஜுய்கன்ஜி. வழியில் கடைகள் இழுக்கும், தின்பண்டம் கூப்பிடும். நிற்காதீர்கள். இந்தக் கோயில் சீக்கிரம் மூடிவிடும், கடைகள் பிறகும் திறந்திருக்கும்.

9ஆம் நூற்றாண்டில் தொடங்கிய பௌத்த மடம் இது. மசமுனே ஐந்து ஆண்டுகள் செலவிட்டு 1609இல் புதிதாகக் கட்டி முடித்தார். முதன்மை மண்டபமும் சமையல்கூடமும் ஜப்பானின் தேசியப் பொக்கிஷங்கள். மண்டபத்துக்குள் படமெடுக்கத் தடை. மயில் ஓவியம் தீட்டிய கூடத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நில்லுங்கள், தங்க இலைப் பின்னணி மங்கலான வெளிச்சத்துக்காகவே செய்தது போல இருக்கும். சமையல்கூடத்தை "அடுக்களைதானே" என்று தாண்டிவிடாதீர்கள். வெண்சுவரில் மரச்சட்டம் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் அந்த முகப்புதான் இங்கே எனக்கு மிகவும் பிடித்தது.

நுழைவுப் பாதையில் பழைய படங்களில் அடர்ந்த தேவதாரு மரங்கள் இருக்கும். நேரில் பார்த்தால் பாதை வெளிச்சமாக, வெறிச்சென்று இருக்கிறதே என்று தோன்றும். 2011 சுனாமியின் உப்புநீர் வேரில் இறங்கி மரங்கள் பட்டுப்போனதால் நிறைய வெட்ட வேண்டியதாயிற்று. பாதையின் ஓரத்தில் பாறையைக் குடைந்த குகை வரிசை இருக்கிறது. உள்ளே போகும் அவசரத்தில் விட்டுவிடுவார்கள், திரும்பும்போதாவது பாருங்கள்.

மூன்றாவது, பக்கத்துச் சுவரை ஒட்டிய என்ட்சுஇன். 1645இல் பத்தொன்பது வயதில் இறந்துபோன மசமுனேயின் பேரன் மிட்சுமுனேயின் நினைவுக் கோயில் உள்ளே இருக்கிறது. அதன் உள்மாடத்தில் ரோஜாப் பூவும் சீட்டுக்கட்டுச் சின்னங்களும் வரைந்திருக்கிறார்கள். 1613இல் மசமுனே ஐரோப்பாவுக்கு ஒரு தூதுக்குழுவை அனுப்பியிருந்தார், அந்தத் தொடர்பு இங்கே வந்து நிற்கிறது. பாசி படர்ந்த தோட்டம் மழைநாளில் இன்னும் பச்சையாக இருக்கும். இலை சிவக்கும் பருவத்தில் இரவு விளக்கேற்றுவார்கள். அப்போது போனால் பகலில் இதைத் தள்ளிவைத்துவிட்டு இருட்டியபின் வரலாம்.

நான்காவதாக கன்ரன்டெய் தேநீர் இல்லம். இதற்குள் கால் வலிக்கத் தொடங்கியிருக்கும், அதனால்தான் இந்த இடத்தில் வைத்தேன். கடலைப் பார்த்து உட்கார்ந்து, மட்சா தேநீரும் ஒரு இனிப்பும் வாங்கிக்கொண்டு அரை மணி நேரம் சும்மா இருங்கள்.

7. பாலம் போட்ட தீவுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

ஒரு கோடியில் ஃபுக்குவுரா தீவு. 252 மீட்டர் நீளச் சிவப்புப் பாலத்தில் நடந்து போக வேண்டும், சிறு கட்டணம் உண்டு. மரம் செடி நிறைந்த தீவு. சுற்றிவர ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் வாசலைப் பூட்டிவிடுவார்கள்.

மறுகோடியில், நிலையத்துக்குப் பக்கத்தில் ஓஷிமா. கட்டணமில்லை. துறவிகள் தவம் செய்த குகைகள், தேய்ந்த கல்வெட்டுகள், மரநிழல். இதன் பாலத்தைச் சுனாமி அடித்துப்போய், பின்னர் 2013இல் புதிதாகக் கட்டினார்கள்.

குழந்தைகள் இருந்தால் ஃபுக்குவுரா. அமைதி வேண்டுமென்றால் ஓஷிமா. நேரம் குறைவென்றாலும் ஓஷிமாதான். ரயிலுக்குப் போகும் வழியிலேயே இருக்கிறது.

8. சாப்பாட்டு விஷயம்

படகிலிருந்து இறங்கியதும் மணி பன்னிரண்டு ஆகியிருந்தால் உணவகங்களில் கூட்டம் நிற்கும். கோடாய்டோவை முடித்து, வழியில் சசகமபோகோ மீன் கேக்கை நீங்களே சுட்டுத் தின்று பசியாறிவிட்டு ஜுய்கன்ஜி போங்கள். ஒன்றரைக்கு மேல் உட்கார்ந்து சாப்பிடலாம். குளிர்காலத்தில் சிப்பிக் குடில்களில் இரும்புத் தகட்டில் சிப்பியைக் கொட்டி வேகவைத்துத் தருவார்கள். நேரக் கணக்கில் அளவில்லாமல் சாப்பிடும் முறை, முன்பதிவு நல்லது.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இந்த ஊர் கடினம், மறைக்க வேண்டியதில்லை. காய்கறி நூடுல்ஸ் என்று கொடுப்பதிலும் மீன் சாறு இருக்கும். செண்டாயிலிருந்தே சாப்பாடு கட்டிக்கொண்டு வருவது உத்தமம். பச்சைச் சோயாப் பயறை அரைத்து இனிப்பாகப் பூசிய ஜுண்டா மோச்சியைத் தைரியமாக வாங்கலாம்.

9. உயரத்திலிருந்து ஒருமுறை

இதை விடுகிறவர்கள்தான் "இவ்வளவுதானா" என்கிறவர்கள்.

ஒரு நாள் பயணிகளுக்கு சைக்யோ மொடோஷி நோ மட்சு பூங்கா. மட்சுஷிமா-கைகன் நிலையத்தின் பின்புறம் மேடேறி இருபது முப்பது நிமிடம் நடக்க வேண்டும். துறவிக் கவிஞர் சைக்யோ இங்கே ஒரு சிறுவனிடம் வாதத்தில் தோற்று, மட்சுஷிமாவுக்குள் நுழையாமலே திரும்பினார் என்பது கதை. ஏப்ரலில் 260 செர்ரி மரங்களுக்கு மேலாக விரிகுடா தெரியும். பாதையில் விளக்கு குறைவு, இருட்டும் முன் இறங்கிவிடுங்கள்.

இரண்டு நாள் இருப்பவர்களுக்கு ஓதகாமோரி. விரிகுடாவின் கிழக்கு விளிம்பில் மியாடோ தீவில் நிற்கும் 100 மீட்டர் சொச்சம் உயரமுள்ள குன்று. மட்சுஷிமாவை நான்கு பக்கமிருந்து பார்க்கும் புகழ்பெற்ற நான்கு குன்றுகளில் இதுவே பெரும் காட்சி. நோபிரு நிலையத்தில் இறங்கி டாக்சி பிடிக்க வேண்டும். அப்புறம் இருபது நிமிட ஏற்றம். மேற்கே பார்த்த காட்சி என்பதால் காலையில் போனால் முதுகுப் பக்கம் சூரியன், தீவுகள் பளிச்சென்று தெரியும். மாலையில் போனால் தீவுகள் கருநிழலாகி அஸ்தமனம். படம் எடுப்பவர்கள் இதை யோசித்து நேரம் தேர்ந்தெடுங்கள். திரும்பும் டாக்சியை இறங்கும்போதே பேசிவைத்துவிடுங்கள், அங்கே நின்று கைகாட்டினால் எதுவும் வராது.

செண்டாயிலிருந்து வரும் சென்செகி ரயில்களில் பல தகாகிமாச்சியோடு முடிந்துவிடும். அப்படியானால் நோபிருவுக்கு அங்கே மாற வேண்டும், வண்டிகளும் குறைவு. நோபிருவின் பழைய நிலையக் கட்டடம் இன்று சுனாமி நினைவகம். பாதையையே மேட்டுக்கு மாற்றிவிட்டார்கள். ரயிலுக்குக் காத்திருக்கும் நேரத்தை அங்கே செலவிடலாம்.

10. இரண்டாம் நாள்: உராடோ தீவுகள்

கட்சுராஷிமா, நோனோஷிமா, சபுசாவா, ஹோஜிமா. உராடோவில் மக்கள் வாழும் நான்கு தீவுகள். மரீன் கேட்டிலிருந்து நகராட்சிப் படகில் கட்சுராஷிமா இருபது நிமிடச் சொச்சம். காட்சிக்கென்று கட்டிய எதுவும் இங்கே இல்லை. சிப்பி வளர்ப்பு, சில வயல்கள், பூட்டிய வீடுகள், நடைபாதைகள். மே மாதத் தொடக்கத்தில் ஹோஜிமாவில் மஞ்சள் பூ வயல் பூக்கும். அது அழகுக்காக அல்ல, முட்டைக்கோஸ் இன விதைக்காகப் பயிரிடுவது.

முதலில் திரும்பும் படகின் நேரத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தவறவிட்டால் அடுத்ததற்கு நெடுநேரம் காத்திருக்க வேண்டும், கடைசிப் படகு என்றால் தீவிலேயே தங்க வேண்டியதுதான்.

தீவுக்குத் தீவு போக இலவசச் சிறு படகு உண்டு. துறையில் எழுதியிருக்கும் எண்ணுக்குப் போன் செய்தால் படகோட்டி வந்து ஏற்றிக்கொள்வார். சிக்கல் என்னவென்றால், வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களின் சிம் பெரும்பாலும் டேட்டாவுக்கு மட்டும்தான், அழைப்பு போகாது. பேசும் வசதியுள்ள சிம் வாங்கிக்கொண்டு போங்கள். இல்லாவிட்டால் படகிலிருந்து இறங்கும்போதே பணியாளரிடம் சைகையிலாவது சொல்லி ஏற்பாடு செய்துவிடுங்கள்.

தண்ணீரும் தின்பண்டமும் கையில் இருக்கட்டும், கடைகளை நம்ப முடியாது. குப்பையைத் திருப்பி எடுத்து வாருங்கள்.

11. இன்னும் சில தடுமாற்றங்கள்

பழைய கையேடுகளில் மட்சுஷிமா மீன்காட்சியகம் என்று இருக்கும். அது 2015இல் மூடப்பட்டது. அதற்குப் பதிலாக வந்த பெரிய காட்சியகம் செண்டாயில், சென்செகி பாதையின் நகானோசகாயே நிலையத்தருகே. குழந்தைகளோடு திரும்பும் வழியில் இறங்கலாம்.

பலமாக நிலம் அதிர்ந்தால் அறிவிப்புக்காகக் காத்திருக்காமல் கரையை விட்டு மேட்டுக்குப் போங்கள். சுனாமியின்போது ஒதுங்கும் இடத்துக்கு வழிகாட்டும் பலகைகள் தெருவெங்கும் உண்டு. 2011இல் தீவுகள் அலையின் வேகத்தைத் தணித்ததால் மட்சுஷிமா ஊர்மையம் பக்கத்து ஊர்களைவிடக் குறைந்த சேதத்தோடு தப்பியது உண்மைதான். அதை நம்பிக் கரையிலேயே நிற்காதீர்கள்.

திரும்பும்போது மட்சுஷிமா-கைகனில் ஏறினால் நேரே செண்டாய், நாற்பது நிமிடம். இலை சிவக்கும் பருவ வார இறுதிகளில் மாலை ஐந்து மணியளவில் நெரிசல் உச்சம். அன்றைக்கு ஓஷிமாவில் இன்னொரு அரை மணி நேரம் இருந்துவிட்டு வந்தால் உட்கார இடம் கிடைக்கும்.